லைனில் வைத்த மொய்

எங்கள் லைனில் மொய் வைக்கும் பழக்கம் இருந்தது. இப்போது இல்லை. அதை எடுத்தவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. எனக்கு எரிச்சலே அதனால்தான். கெட்டவன் ஒருத்தன் இருந்திருந்தால் அவனைத் திட்டிவிட்டு நிம்மதியாகப் படுத்திருப்பேன்.

ஓசூரில் ஒரு கம்பெனி. பைக்குகளுக்கு ஒயர் கட்டுகிறோம். முன்விளக்கிலிருந்து பின்விளக்கு வரை வண்டிக்குள் ஓடும் ஒயர்கள் எல்லாம் ஒரே கொத்தாகத்தான் இருக்கும். அந்தக் கொத்து கிளை கிளையாகப் பிரிந்து ஹார்னுக்கும் ஸ்டார்ட்டருக்கும் போகும். அதைச் செய்ய ஆறு பேர் வரிசையாக நிற்போம். முதல் இரண்டு பேர் பலகையில் ஒயரை அடுக்குவார்கள். மூன்றாவது ஆள் முனைகளை கனெக்டரில் சொருக வேண்டும். நான்காவது இடத்தில் கிளைகளுக்கு டேப் சுற்றுவது. ஐந்தாவது கிளிப். ஆறாவது டெஸ்ட். நான் லைன் லீடர். லீடர் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. மூன்றாவது இடத்தில் நின்று எல்லாரையும் போல வேலையும் செய்ய வேண்டும், லைன் நின்றால் திட்டும் வாங்க வேண்டும்.

டேப் இடத்தில் அக்கா. என் கூடப் பிறந்தவள் இல்லை. என்னைவிடச் சில வயது மூத்தவள், அதனால் அக்கா. சூளகிரி தாண்டி ஒரு கிராமம். வீட்டில் தெலுங்கு, கம்பெனியில் தமிழ், எரிச்சல் வந்தால் கன்னடம். டேப் சுற்றிச் சுற்றி அவளுடைய வலது கட்டைவிரலின் அடிப்பகுதி வீணாகிவிட்டது. சில நாள் காலையில் டீ டம்ளரைக்கூட இடது கையில்தான் பிடிப்பாள். ஆஸ்பத்திரியில் ஒரு பட்டை கொடுத்து, கைக்கு ஓய்வு கொடுங்கள் என்றார்கள். டேப் சுற்றுகிறவளுக்குக் கையை விட்டால் வேறு என்ன இருக்கிறது?

மொய் அப்படி வந்ததுதான். அக்காவுக்கு வலி அதிகமாக இருக்கும் நாளில் எனக்கோ கிளிப் மாட்டும் பெண்ணுக்கோ கொஞ்ச நேரம் கிடைத்தால், அவளுக்குப் போக வேண்டிய ஒயரில் ஒரு கிளையை நாங்களே சுற்றி அவள் பக்கத்திலிருந்த கொக்கியில் மாட்டிவிடுவோம். ஸ்டாண்டில் வரிசையாகக் கொக்கிகள் இருந்தன. காலையில் நாலைந்து கொத்து அதில் தொங்கிவிட்டால் அக்கா அன்றைக்குப் பதறாமல் வேலை செய்வாள். அவளும் சும்மா இருக்க மாட்டாள். கை நன்றாக இருக்கும் நாளில் மற்றவர்களுக்குச் செய்வாள். ஊரில் மாரியம்மன் பண்டிகை முடித்துத் தூங்காமல் வந்து நிற்கும் பெண்ணுக்கு, காய்ச்சலோடு வருகிறவளுக்கு, வயிற்று வலிக்காரிக்கு. என் அம்மா செத்து காரியம் முடிந்து நான் திரும்பி வந்த வாரத்தில், என் கை எங்கே போகிறது என்றே எனக்குத் தெரியவில்லை. யார் யாரோ சொருகிக் கொடுத்தார்கள். ஒரு பீஸ்கூட ரிஜெக்ட் ஆகவில்லை.

அதற்கு மொய் என்று பேர் வைத்தவர் டெஸ்ட் இடத்தில் நிற்கும் ஆள். கன்னடக்காரர், மாலூர் பக்கம். எதையும் கிண்டல் இல்லாமல் பேச மாட்டார். ஒரு நாள் அக்காவின் கொக்கிகள் நிறைந்திருப்பதைப் பார்த்து, "இன்னாம்மா, கல்யாண வீடு மாதிரி இருக்குது. மொய் ஜாஸ்தியா?" என்றார்.

"நீ இன்னா வெச்ச? சாப்புட மட்டும் வந்தியா?" என்றாள் அக்கா.

"எங்க ஊர்ல முய்யின்னா பணம் மட்டும் இல்லம்மா. இன்னைக்கு நீ என் தோட்டத்துக்கு வேலைக்கு வா, நாளைக்கு நான் உன் தோட்டத்துக்கு வரேன். அதுவும் முய்யிதான்."

"அப்ப நாளைக்கு வந்து டேப் சுத்து."

அவர் சுற்றினார். கோணல் மாணலாக. அக்கா அதைப் பிரித்து மறுபடி சுற்றினாள், திட்டிக்கொண்டே. ஆனாலும் அதுவும் மொய்தான். கல்யாண மொய்க்கு நோட்டு உண்டு, எங்களுக்கு அதுவும் கிடையாது.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மீதி புரியாது. கல்லாவிப் பக்கம் பிறந்தேன். கல்யாணம் நடந்தது, முடிந்தும் போனது. கிருஷ்ணகிரியில் பழைய பேட்டைக்குப் பின்னால் ஓர் அறையில் இருக்கிறேன். ஓசூரில் வாடகை கட்டுப்படியாகாது. அண்ணன் வீட்டுக்குப் பொங்கலுக்குப் போவேன். போனால் எப்போது கிளம்புகிறாய் என்றுதான் முதலில் கேட்பார்கள். வேலை முடிந்து அறைக்கு வந்துவிட்டால் மறுநாள் காலை வரை என் வாயிலிருந்து பேச்சு வராது. கடையில் பால் பாக்கெட் வாங்கும்போது "ஒண்ணு" என்பேன். அதைப் பேச்சு என்று சொல்ல முடியாது.

பேச்சு தொடங்குவது கம்பெனி பஸ்ஸில். நான் கிருஷ்ணகிரியில் ஏறி ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, பக்கத்து சீட்டில் பையை வைப்பேன். கம்பெனி பஸ்ஸில் எல்லாருக்கும் அவரவர் சீட் உண்டு. யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் மாற்றி உட்கார்ந்தால் சண்டை வரும். சூளகிரி தாண்டியதும் பஸ் மேம்பாலத்தில் ஏறாமல் சர்வீஸ் ரோட்டில் இறங்கும். அங்கே ஒரு கிராஸ், அக்காவின் ஊருக்குப் பிரியும் ரோடு. அந்த இடத்தில் ஏறுகிறவள் அக்கா ஒருத்திதான். அவளுக்காக மட்டும் அந்தப் பெரிய பஸ் இறங்கி ஏறும். ஏறும்போதே, "ஏமே, பையை எடு" என்பாள். நான் எடுப்பேன். அதற்குப் பிறகு ஓசூர் வரை அவள்தான் பேசுவாள். மருமகள் சோற்றை எப்படிக் குழைத்தாள், பக்கத்துத் தோட்டத்து ரோஜாவுக்கு என்ன விலை போனது, எதிர்வீட்டுக்காரனின் மாடு எங்கே மேய்ந்தது. எனக்கு அந்த மாட்டின் குணம்கூடத் தெரியும். சாயங்காலம் அதே சீட்டில் திரும்பி வருவோம். என் ஒரு நாளில் மனுஷ வாசனை இருந்தது அவ்வளவு நேரம்தான்.

அப்போதுதான் லீன் வந்தது. வேலையில் வீணாகப் போவதைக் குறைக்கும் முறைக்கு அப்படி ஒரு பேர்.

கம்பெனி சென்னையிலிருந்து ஒரு பயிற்சியாளரைக் கூட்டிவந்தது. மேனேஜர் அவரை அறிமுகப்படுத்தியபோது நாங்கள் எல்லாரும் ஆள் குறைக்க வந்திருக்கிறான் என்றுதான் நினைத்தோம். அவர் அப்படிப் பேசவில்லை. "வேஸ்ட்டைத் தேடுவோம். ஆளைத் தேட மாட்டோம்" என்றார். தேவையில்லாத நடை, தேவையில்லாத காத்திருப்பு, தேவைக்கு முன்னாலேயே செய்து குவித்து வைப்பது, திரும்பச் செய்வது, எல்லாம் வேஸ்ட். தப்பு நடந்தால் செய்த ஆளைக் குறை சொல்லாதீர்கள், செய்யும் முறையைப் பாருங்கள் என்றார். எனக்குப் பிடித்திருந்தது. எத்தனையோ வருஷமாக லைன் நின்றால் என் மூஞ்சியை மட்டும் பார்த்த கம்பெனி அது.

நல்லதும் நடந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய்க்காரி. எங்கள் லைனில் கத்தரிக்கோலுக்கு எப்போதும் சண்டை. அவர் ஒரு பலகையில் கத்தரிக்கோலின் உருவத்தை வரைந்து அதன் மேலேயே மாட்டச் சொன்னார். எடுத்தால் வெறும் உருவம் தெரியும், யார் எடுத்தது என்று கேட்கலாம். சண்டை நின்றுவிட்டது. கனெக்டர் பெட்டி என் முதுகுக்குப் பின்னால் இருந்தது, ஒவ்வொரு முறையும் திரும்பி எடுப்பேன். அதை முன்னால் சரிவாக வைத்தார்கள். என் இடுப்பு வலி பாதி குறைந்தது. ஒரு நாள் முழுக்க அவர் என் பின்னாலேயே நின்று நான் நடப்பதை எல்லாம் ஒரு தாளில் கோடாக வரைந்து காட்டினார். சிக்கெடுக்காத தலைமுடி மாதிரி இருந்தது. அக்கா எட்டிப் பார்த்து, "இந்தக் கோலத்த வாசல்ல போட்டா மாமியாக்காரி ஊரை விட்டே போயிடுவா" என்றாள். பயிற்சியாளரும் சிரித்தார். நல்ல மனிதர். கேன்டீனில் எங்களோடுதான் சாப்பிட்டார்.

பிறகு ஒரு நாள் அவர் அக்காவின் ஸ்டாண்டு முன்னால் நின்றார். கொக்கிகளில் கொத்துகள் தொங்கின.

"இங்க ஏன் இவ்வளவு சேந்திருக்கு?"

டெஸ்ட்காரர்தான், "அது அலங்காரம் சார்" என்றார்.

பயிற்சியாளர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். ஆனால் போகும்போது திரும்பி ஒரு முறை அந்த ஸ்டாண்டைப் பார்த்தார். டேப் இடத்துக்கு முன்னால் மட்டும் சரக்கு சேர்ந்தால், அந்த இடம் மெதுவாகப் போகிறது என்று அர்த்தம். அல்லது மற்ற இடங்களில் நேரம் மிஞ்சுகிறது என்று அர்த்தம். இதைப் பயிற்சியில் அவரே எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். எனக்குப் புரிந்தது. அக்கா அந்தப் பாடத்தின்போது கையில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

சில வாரம் கழித்து மேனேஜர் முன்னால் ஒவ்வொரு லைனும் தாங்கள் செய்த நல்லது ஒன்றைச் சொல்ல வேண்டும் என்றார்கள். நாங்கள் கத்தரிக்கோல் பலகையைச் சொல்வதாகப் பேசி வைத்திருந்தோம். அக்காவைப் பேசச் சொன்னது அவளுக்குக் குரல் பெரிது என்பதால். பக்கத்து லைன்காரர்கள் நடையைக் குறைத்தோம், பெட்டியைக் குறைத்தோம் என்று சொல்லி முடித்ததும் அக்கா எழுந்தாள். கத்தரிக்கோலைத் தொடவே இல்லை.

"சார், எல்லாரும் வேஸ்ட்ட பத்தி சொன்னாங்க. எங்க லைன்ல வேஸ்ட்டே ஆவாத ஒண்ணு இருக்குது, அத சொல்றேன். எனக்கு கை முடியாது. நான் முடியலன்னு ஒரு நாளும் லைன் நின்னதில்ல. ஏன்னா இவங்க எல்லாம் எனக்கு மொய் வைக்கறாங்க. அவங்களுக்கு நேரம் கிடைக்கறப்ப என்னுதை சுத்தி மாட்டிடுவாங்க. என் கை நல்லாருந்தா நான் அவங்களுக்கு வைப்பேன். அதான் சார் எங்க டீம் ஒர்க்கு."

எல்லாரும் கை தட்டினார்கள். பயிற்சியாளர்தான் அதிகம் தட்டினார். அவர் கண்ணில் நிஜமாகவே சந்தோஷம் இருந்தது. பிறகு மேனேஜர் பக்கம் திரும்பி, பாராட்டு மாதிரியே சொன்னார்: "பாருங்க சார், இவ்வளவு நாள் யாருக்கும் தெரியல. இந்த லைன்ல தினமும் நேரம் மிஞ்சியிருக்கு."

மேனேஜர் எங்களை வரிசையாகப் பார்த்தார். முதலிலிருந்து கடைசி வரை. அவர் எண்ணுகிறார் என்று எனக்குத் தெரிந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் பஸ்ஸில் அக்கா ரொம்ப உற்சாகமாக இருந்தாள். "எப்பிடிமே பேசினேன்?"

"வாயை மூடிக்கினு கத்தரிக்கோல சொல்லியிருக்கலாம்" என்றேன்.

"ஏன்மே?"

"நமக்கெல்லாம் நேரம் மிஞ்சுதுன்னு நீயே சொல்லிட்ட. உனக்கு கை முடியாதுன்னும் நீயே சொல்லிட்ட."

அவள் கைப் பட்டையை அவிழ்த்து மறுபடி கட்டினாள். பிறகு, "ஒளிச்சு வைக்க அது இன்னா திருட்டா?" என்றாள். இறங்கும் வரை மாடும் வரவில்லை, மருமகளும் வரவில்லை.

அடுத்த வாரமே ஸ்டாண்டிலிருந்து கொக்கிகளைக் கழற்றிவிட்டார்கள். ஒன்றே ஒன்றை விட்டார்கள். ஒரு கொத்து வந்தால் அதை முடித்து அனுப்பு, அடுத்தது வரும். முன்கூட்டிச் செய்து மாட்டி வைக்க இடம் இல்லை. ஒவ்வொருவர் தலைக்கு மேலும் ஒரு விளக்கு வைத்தார்கள். நேரத்துக்குள் முடித்தால் பச்சை, தாண்டினால் சிவப்பு. பிரச்சினை எங்கே என்று தெரியத்தான் விளக்கு, யாரையும் திட்ட இல்லை என்று பயிற்சியாளர் சொன்னார். சொன்னது உண்மைதான், யாரும் திட்டவில்லை. அக்காவின் தலைக்கு மேல் மட்டும் நாள் முழுக்கச் சிவப்பு எரிந்தது. அவளுக்குப் பின்னால் இருப்பவர்கள் வேலை இல்லாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். கையைக் கட்டிக்கொண்டு நிற்க நேரம் இருந்தது, அவளுக்குச் செய்து மாட்டத்தான் இடமில்லை. டெஸ்ட்காரர்கூடக் கிண்டலை நிறுத்திவிட்டார்.

நான் பயிற்சியாளரிடம் போனேன்.

"சார், நீங்கதான சொன்னீங்க, ஆளைக் குறை சொல்லாத, முறையப் பாருன்னு."

"ஆமாம்மா. இப்பவும் அதான் சொல்றேன்."

"அப்ப முறையப் பாருங்க. காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் ஒரே ஆளு டேப் சுத்தினா எந்தக் கையும் போயிடும். இந்தக் கை போச்சுன்னா அடுத்து வர்ற கையும் போவும். அதுக்குப் பேரு வேஸ்ட் இல்லையா?"

அவர் உடனே ஒத்துக்கொண்டார். சும்மா தலையாட்டவில்லை, நின்று யோசித்தார். எல்லாரும் இடம் மாறி மாறி டேப் சுற்றுவது என்று முடிவு செய்தோம். டீ இடைவேளைக்கு ஒரு முறை, சாப்பாட்டுக்கு ஒரு முறை என்று இடம் மாறும். டேப் உருளையை மேலே தொங்கவிட்டு இழுக்கிற மாதிரி செய்தார். எல்லாருக்கும் எல்லா வேலையும் கற்றுக் கொடுக்க வேண்டியிருந்தது. டெஸ்ட்காரர் டேப் சுற்றக் கற்றுக்கொண்ட நாள்களைப் பற்றித் தனியாக எழுதலாம். "மொத்தத்துல என்னைப் பொம்பள ஆக்கிட்டீங்க" என்றார். "அதுக்கு இன்னும் அறிவு வேணும்" என்றாள் அக்கா.

விளக்குகள் எல்லாம் பச்சையாயின. அக்காவின் கை வீக்கம் வடிந்தது. வலது கையில் டீ குடித்தாள். பஸ்ஸில் மறுபடி மாடு வந்தது. அந்தக் கொஞ்ச நாளைப் போல ஒரு நாள் எனக்கு அந்தக் கம்பெனியில் இருந்ததே இல்லை. இதுதான் லீன் என்றால் லீன் நன்றாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். லைன் பிரமாதமாகப் போகிறது என்றார். எல்லாருக்கும் எல்லா வேலையும் தெரிந்துவிட்டதால் ஐந்து பேரை வைத்து ஓட்டிப் பார்க்கலாம் என்றார். ஓட்டினோம். ஓடியது. ஏன் ஓடாது? மிஞ்சிய நேரத்தை எல்லாம் எடுத்து ஐந்து பேருக்குள் திணித்தால் ஓடும். ஆறாவது ஆளாக மிஞ்சியவள் அக்கா.

பயிற்சியாளர் அதற்குள் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். போனில் கேட்டபோது, மிஞ்சும் ஆளை வெளியே அனுப்பக்கூடாது, நல்ல வேலைக்கு மாற்ற வேண்டும் என்றுதான் எழுதிக் கொடுத்தேன் என்றார். நான் நம்புகிறேன். மேனேஜரும் அதைத்தான் செய்ததாகச் சொன்னார்.

"யாரையும் வேலைய விட்டு எடுக்கலம்மா. இன்னொரு யூனிட்ல பேக்கிங்ல போடறோம்."

"அது அத்திப்பள்ளி தாண்டி சார். சூளகிரிப் பக்கத்துல இருந்து அவங்க எப்பிடி வருவாங்க?"

"பஸ் இருக்கில்ல."

"கம்பெனி பஸ் இல்ல சார். ஓசூர்ல எறங்கி மாறணும். பேக்கிங்ல பெட்டி தூக்கணும், அந்தக் கைக்கு முடியாது."

"அந்தக் கையாலதான இவ்வளவு நாள் லைன்லயும் கஷ்டம்?"

"இப்ப கஷ்டம் இல்ல சார். பச்சை எரியுது, நீங்களே பாத்தீங்க."

அவர் மேசையில் இருந்த தண்ணீர் பாட்டிலைத் திருகித் திருகி மூடினார். அப்போது கேட்டேன்: "என்னை அனுப்புங்க. நான் பேக்கிங் போறேன்."

சிரித்தார். "உங்களை அனுப்பினா லைன யார் பாக்கறது?"

இதைப் பெருந்தன்மை என்று யாரும் நினைக்க வேண்டாம். நான் போனால் அவளாவது அந்த பஸ்ஸில் வந்துகொண்டிருப்பாள், அவள் போனால் நான் தனியாக வரவேண்டும். இரண்டில் எனக்கு எது தாங்கும் என்றுதான் பார்த்தேன். அவளுக்கு அந்த வேலை வேண்டும், எனக்கு அவள் வேண்டும். மேனேஜருக்கு ஐந்து பேர் வேண்டும். அவருக்குக் கிடைத்தது.

கடைசி நாள் சாயங்காலம் பஸ்ஸில் அக்கா என் பையை மடியில் வைத்துக்கொண்டாள். கிராஸ் வரும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அழுவாதமே."

"யாரு அழுவறா? தூசி."

"ஏசி பஸ்ல ஏதுமே தூசி?"

எங்கள் பஸ்ஸில் ஏசி கிடையாது. கண்ணாடிகூடச் சரியாக மூடாது. அவள் வேண்டுமென்றே சொன்னாள். நான் சிரித்தேன், அவள் இறங்கிவிட்டாள்.

பேக்கிங்கில் கொஞ்ச நாள்தான் இருந்தாள். கை தாங்கவில்லை, பஸ் மாறி மாறி உடம்பும் தாங்கவில்லை. நின்றுவிட்டாள். வேலையை விட்டு யாரும் எடுக்கவில்லை என்பது இன்னும் உண்மைதான். மாங்காய் சீசனில் கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாம்பழக் கூழ் கம்பெனியில் பழம் பொறுக்குகிறாள். மற்ற மாதங்களில் வீடு. முதலில் தினம் போன் பேசினோம். பேசினால் அவள், "அப்பறம்?" என்பாள், நானும் "அப்பறம்?" என்பேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறவர்களுக்குப் போனில் பேச வராது. வாரத்துக்கு ஒரு முறை ஆயிற்று, பிறகு நினைத்தால்.

லைனுக்குக் கேடயம் கொடுத்தார்கள். ஐந்து பேரும் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கும் போட்டோ கேன்டீன் வாசலில் மாட்டியிருக்கிறது. நான் அந்தப் பக்கம் சாப்பிட உட்காருவதில்லை.

இந்த வருஷம் மழைக்குப் பிறகு எனக்குக் காய்ச்சல் வந்தது. லீவு போட முடியாது. ஐந்து பேரில் ஒருத்தி இல்லை என்றால் லைன் ஓடாது. நின்றேன். டேப் இடம் என் முறை. கண் மங்கியது, டேப் வழுக்கியது. என் தலைக்கு மேல் சிவப்பு எரிந்தது. நிமிர்ந்து பார்த்தேன். மற்ற நாலு பேரும் குனிந்தபடி வேலை செய்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு இரக்கம் இல்லை என்று சொல்ல மாட்டேன். டெஸ்ட்காரர் இரண்டு முறை என்னைப் பார்த்தார். இரண்டு முறையும் அவர் தலைக்கு மேல் இருந்த விளக்கைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். சாப்பாட்டு நேரத்தில், "பஜ்ஜி போடற எண்ண மாதிரி கொதிக்குது உடம்பு. மாத்திர போட்டியாம்மா?" என்று கேட்டார். அவ்வளவுதான் அவரால் முடிந்தது.

காய்ச்சல் விட்டதும் ஒரு காலையில் சீக்கிரம் உள்ளே போய் ஸ்டாண்டில் கொக்கிகளைத் திருகினேன். பழைய ஓட்டைகள் அப்படியே இருந்தன. கொக்கிகள் மெயின்டனன்ஸ் டப்பாவில் கிடந்தன. வரிசையாக மாட்டிவிட்டு ஒன்றும் சொல்லாமல் வேலையைத் தொடங்கினேன். எல்லாரும் பார்த்தார்கள். டெஸ்ட்காரர், "ஓ, முகூர்த்தம் வந்துடுச்சா?" என்றார்.

யாரும் எதையும் மாட்டவில்லை. அன்றைக்கும் இல்லை, மறுநாளும் இல்லை. நான் மாட்டலாம் என்று பார்த்தேன். என் சொருகலை முடித்து நிமிர்வதற்குள் அடுத்தது வந்து நின்றது. ஒரு கிளை சுற்றுகிற நேரம்கூட இல்லை. இருந்த மிச்சத்தை எல்லாம்தான் எடுத்து ஐந்து பேருக்குப் பிரித்துவிட்டார்களே. கொக்கி இருந்து என்ன செய்ய?

ஆடிட் நாளில் கம்பெனியின் ஆள் ஒருவர், சின்ன வயசுப் பையன் மாதிரி இருந்தார், ஸ்டாண்டைப் பார்த்தார். பயன்படாத பொருளுக்குச் சிவப்பு அட்டை கட்டுவது பயிற்சியில் சொல்லிக் கொடுத்ததுதான்.

"இதெல்லாம் யூஸ் பண்றீங்களா மேடம்?"

"இல்ல."

"அப்ப எதுக்கு?"

எனக்குக் கோபம் வரவில்லை. அதுதான் எனக்கே ஆச்சரியம். அவர் கேட்டது சரியான கேள்வி. பொய் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. அவர் அட்டையைக் கட்டினார், ஷிப்ட் முடிந்ததும் நானே கழற்றி டப்பாவில் போட்டேன்.

அன்றைக்குப் பஸ்ஸில் அக்காவுக்குப் போன் போட்டேன். மாடு கத்தும் சத்தம் கேட்டது. அந்த மாடாகத்தான் இருக்கும். கொக்கி மாட்டியதைச் சொன்னேன், யாரும் ஒன்றும் வைக்கவில்லை என்பதையும் சொன்னேன்.

அவள் சிரித்தாள். "ஏமே, பத்திரிக்கையும் வெக்கல, பந்தியும் போடல. வெறும் பந்தல போட்டு உக்காந்தா யாரு மொய் வைப்பாங்க?"

"கை எப்பிடி இருக்குது?"

"இருக்குது. நீ சாப்புட்டியா?"

"இனிமேதான்."

"அப்பறம்?"

"அப்பறம் நீ சொல்லு."

அடுப்பில் ஏதோ வைத்திருப்பதாகச் சொல்லி அவள் வைத்துவிட்டாள்.

பக்கத்து சீட்டில் புதிதாகச் சேர்ந்த பெண் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தூங்கினாள். கிராஸ் வந்தது. அங்கே இறங்குவதற்கு ஆள் இல்லை என்று அந்த நிறுத்தத்தை எப்போதோ எடுத்துவிட்டார்கள். பஸ் சர்வீஸ் ரோட்டில் இறங்காமல் நேராக மேம்பாலத்தில் ஏறியது. மேலேயிருந்து பார்த்தால் அந்த இடம் தெரியாது, தடுப்புச் சுவர்தான் தெரியும். டீசலும் நேரமும் மிச்சம். இப்போதெல்லாம் முன்னைவிடச் சீக்கிரமாகவே அறைக்கு வந்துவிடுகிறேன்.